ஆறாம் தொட்டியின் ஈரம்

தினமும் மாலை ஐந்தரை மணிக்கு ஆறாம் தொட்டிக்கு வியர்த்தது.

மற்ற ஐந்து தொட்டிகளும் சமர்த்தாக உலர்ந்துகொண்டிருக்கும். அது மட்டும் திடீரென்று ஈரமாகும். திரையில் நேராக வந்துகொண்டிருந்த கோட்டை யாரோ கீழிருந்து விரலால் நெம்பியதுபோல் இருக்கும். எழும்பி, ஒட்டகத்தின் முதுகாக நின்று, மூன்று மணி நேரம் கழித்துத்தான் இறங்கிப் படுக்கும். மறுநாள் அதே நேரம், அதே ஒட்டகம்.

அந்தத் தொட்டி இருந்தது மலையில், சித்திரபுரத்துக்கு மேலே ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் மாடியில். அதைப் பார்த்துக்கொண்டு நாங்கள் இருந்தது கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லைக்குப் பக்கத்தில், தென்னந்தோப்புக்கு நடுவே ஓர் ஓட்டு வீட்டில். நாங்கள் என்றால் நானும் என் தம்பியும். ஒரு பகல் பஸ் பயணத்துக்கு அப்பால் இருக்கும் ஈரத்தை வீட்டில் உட்கார்ந்து பார்ப்பதுதான் எங்கள் தொழில். ஊரில் இதை விளக்கப்போய் அலுத்துவிட்டது. "டிவி ரிப்பேருங்களா?" என்பார்கள். ஆமாங்க என்று சொல்லிவிடுவேன்.

முதலில் தோப்புகளில் ஆரம்பித்தோம். மண்ணில் செருகிய ஒரு குச்சி, வேரடியில் எவ்வளவு ஈரம் என்று சொல்லும். மோட்டார் அதற்குத் தகுந்தபடி ஓடும். அப்புறம் எப்படியோ பேச்சு மலையேறி, தேயிலைக்காரர்கள் கூப்பிட்டார்கள். பறித்து வந்த கொழுந்தை மாடியில் நீள நீளத் தொட்டிகளில், கம்பி வலைமேல் மெத்தைபோல் விரிப்பார்கள். ஒரு முனையில் ஆளுயரக் காற்றாடி. அடியிலிருந்து காற்று ஊத ஊத, கொழுந்து தன் நீரை விட்டுத் தளரும். பூப்போல் தளர்ந்தபின்தான் அரைக்கப் போகும். ஆனால் கொழுந்து தளர்ந்ததா இல்லையா என்பது காற்றாடிக்குத் தெரியாது. விட்டால் விடியும்வரை ஒரே வேகத்தில் ஊதிக்கொண்டிருக்கும். கரண்ட் அதில்தான் போகிறது.

நாங்கள் ஒவ்வொரு தொட்டிக்கு மேலும் ஒரு வெள்ளைப் பெட்டியைத் தொங்கவிட்டோம். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரியது. உள்ளே சென்சார், ஒரு பேட்டரி, விரல் நீள ஆண்டெனா. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கண்விழித்து, இவ்வளவு ஈரம், இவ்வளவு சூடு என்று கம்பியில்லாமல் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மறுபடி தூங்கிவிடும். ஈரம் குறையக் குறையக் காற்றாடி வேகத்தைத் தணித்துக்கொள்ளும். இவ்வளவு தூங்குவதால்தான் பெட்டியின் பேட்டரி வருஷக்கணக்கில் தாங்குகிறது. ஒரு வார்த்தை பேச ஐந்து நிமிடம் உறங்கும் அந்த ஜீவன்மேல் எனக்குப் பொறாமை உண்டு. நான் ஓரிடத்தில் ஐந்து நிமிடம் உட்கார்ந்ததாகச் சரித்திரமில்லை.

பதினெட்டுத் தொட்டிகளில் சோதனைக்கு ஆறு. ஏப்ரலும் மேயும் அழகாகப் போயின. ஜூன் பிறந்தது, மழை இறங்கியது, ஒட்டகம் வந்தது.

"அக்கா, வந்துருச்சுங்க்கா."

"பேட்டரி மாத்தச் சொன்னியா?"

"மூணு தடவ மாத்தியாச்சுங்க. நாலாவது தடவ சொன்னா அந்த எலக்ட்ரீசியன் மலையெறங்கி வந்து என்ற ஊட்டு வாசல்ல நின்னு ஒதைப்பானுங்க."

"பெட்டியவே மாத்திப் பாரு."

"அதுவும் ஆச்சுங்க. ஆறாவது தொட்டில இருந்தத ரெண்டாவதுக்கும், ரெண்டாவதுல இருந்தத ஆறாவதுக்கும். ஒட்டகம் ஆறாவதுலயே நிக்குதுங்க. அதுக்கு அந்த எடம் புடிச்சுப்போச்சுங்க்கா. நீங்களும் அது மாதிரி ஒரு எடத்துல நின்னு பாருங்களேன்."

நான் மூடுபனி என்றேன். மாலையில் மலையில் பனி இறங்கும், ஆறாம் தொட்டிக்குப் பக்கத்தில் ஜன்னல் இருக்கிறது, உள்ளே வருகிறது. ஜன்னலை அடைக்கச் சொன்னோம். அடைத்தார்கள். ஒட்டகம் இன்னும் கொஞ்சம் கொழுத்தது.

பிறகு டீமேக்கர் கூப்பிட்டார். டீமேக்கர் என்பது தொழிற்சாலையில் டீயின் பதத்துக்குப் பொறுப்பான அதிகாரி. நல்ல பருமன், நல்ல குரல். போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்துத்தான் கேட்க வேண்டும்.

"இந்தாங்கம்மா, ஒங்க பொட்டி ஆறாம் தொட்டியக் கருவாடா ஆக்குது. ஒரு வாரமாப் பாக்குதேன். மத்த தொட்டிக் கொழுந்தெல்லாம் கைல எடுத்தா பட்டுத்துணி. இது அப்பளம்லா! நொறுங்குது."

சங்கதி புரிந்தது. ஒட்டகம் நிற்கிற மூன்று மணி நேரமும், கொழுந்து இன்னும் ஈரமாக இருக்கிறது என்று நம்பிக் காற்றாடி முழு வேகத்தில் ஊதுகிறது. கொழுந்தோ எப்போதோ தளர்ந்துவிட்டது. மிச்சப்படுத்த வந்த பெட்டி, கரண்டையும் வீணாக்கி இலையையும் வறட்டிக்கொண்டிருந்தது. ஆனால் ஈரம் பொய்யல்ல. இரண்டு பெட்டிகள் ஒரே பொய்யைச் சொல்லாது. அங்கே நிஜமாகவே ஏதோ ஈரமாக இருந்தது.

ஈரம் எல்லை மீறினால் மேனேஜரின் போனுக்குத் தானாகவே ஒரு செய்தி போகும்படி செய்திருந்தோம். அந்த யோசனை என்னுடையது. அதற்காகப் பெருமைப்பட்ட நாட்களும் உண்டு. பதினோரு மாலை, பதினோரு செய்தி. பன்னிரண்டாம் நாள் மேனேஜரிடமிருந்து இரண்டு வரி வந்தது. செய்தியை நிறுத்திவிட்டு, காரணத்தை நேரில் வந்து காட்டுங்கள். மற்ற பன்னிரண்டு தொட்டிகளைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.

"போயிட்டு வாங்க்கா" என்றான் தம்பி. "பஸ்சுன்னா உங்களுக்குப் பாயசமுங்களே."

உண்மைதான். பொள்ளாச்சியில் ஏறி, உடுமலையில் மாறி, சின்னாறு வழியாக மலையேறினேன். ஒரே பாதையில் எத்தனை வானங்கள்! எல்லைச் சாவடியில் வெயில். மறையூரில் கரும்புப்பால் காய்கிற வாசனை பஸ்சுக்குள் ஏறி, டிக்கெட் எடுக்காமல் நாலு கிலோமீட்டர் கூடவே வந்தது. அங்கே மலைகள் மழைக்கு முதுகைக் காட்டி நிற்கின்றன. வானம் துடைத்துவைத்த வெண்கலம்போல் இருந்தது. அப்புறம் ஒரு வளைவு. அந்த ஒரு வளைவில் யாரோ கதவைத் திறந்ததுபோல் மழை. ஷட்டர்களை இறக்கினார்கள். மூணாறில் இறங்கியபோது குடை இருந்தும் நனைந்திருந்தேன். அந்த மழை மேலிருந்து மட்டும் பெய்வதில்லை.

சித்திரபுரத்தில் மின்வாரியக் குடியிருப்பில் இருக்கும் என் சிநேகிதி வீட்டில் தங்கினேன். அவள் வீட்டு அடுப்புக்கு மேலே கொடி. கூடத்தில் கொடி. ஜன்னல் கம்பியில் சாக்ஸ். ஒரு ஈரச் சேலையை விலக்கித்தான் காபி டம்ளரை வாங்கினேன். விலக்கிக் குடித்துவிட்டு, ஆறாம் தொட்டிக்கு ஏன் வியர்க்கிறது என்று யோசித்துக்கொண்டே தூங்கினேன். என் புத்தியின் லட்சணம் அப்படி.

முதல் நாள் தொழிற்சாலையில் ராஜ வரவேற்பு. டீமேக்கர் முன்னால் நடந்தார். இரும்புப் படியேறி மாடிக்குப் போனோம். பச்சை வாசனை. அறுத்த புல்லுக்கும் பழுத்த ஆப்பிளுக்கும் நடுவில் எங்கேயோ இருக்கிற வாசனை. பதினெட்டுத் தொட்டிகளும் பதினெட்டுப் பச்சை நதிகளாக அந்தக் கோடி வரைக்கும் ஓடின. அங்கே கொழுந்தைப் புரட்டிவிட்டுக்கொண்டிருந்தார் ஒரு பெண். என் வயதுதான் இருக்கும், நாற்பத்தைந்து. பகலிலும் மாலையிலும் மாடி அவர் பொறுப்பு. எல்லோரும் மாடியக்கா என்றார்கள். நடக்கும்போது இடது காலைச் சற்று இழுத்து வைத்தார்.

"வாங்க மேடம், வாங்க" என்றார். பார்வை என் மேல் இல்லை, தோளில் தொங்கிய பைமேல் இருந்தது.

அன்று மாலை ஒட்டகம் வரவில்லை. ஐந்தரை, ஆறு, ஆறரை. கோடு தண்டவாளம்போல் போனது.

"அது உங்களப் பாத்துப் பயந்துருச்சுங்க்கா" என்றான் தம்பி போனில்.

விளையாட்டுக்குச் சொன்னான். ஆனால் எனக்கு அது உறைத்தது. மழை அன்றும் பெய்தது, பனி அன்றும் இறங்கியது, ஜன்னல் அப்படியே இருந்தது. மாறியது ஒன்றே ஒன்று. நான் வருவது மாடிக்குத் தெரிந்திருந்தது.

மறுநாள் மாலை வர மாட்டேன் என்று சொல்லிவிட்டு, ஐந்தே முக்காலுக்குப் பின்பக்கப் படியில் ஏறினேன்.

ஆறாம் தொட்டியின் கடைசியில், முன்படியிலிருந்து பார்த்தால் தூண் மறைக்கிற இடத்தில், குறுக்கே இரண்டு கம்பிகள் கட்டியிருந்தன. அதில் ஒரு பள்ளிக்கூடமே தொங்கியது. வெள்ளைச் சட்டைகள், நீலப் பாவாடைகள், சாம்பல் நிற நிக்கர்கள், கழுத்து டைகள். கீழிருந்து ஊதும் காற்றில் சட்டைகள் வயிறு உப்பின, பாவாடைகள் குடையாயின, டைகள் எல்லாம் ஒரே பக்கமாகத் தலையாட்டின. பிள்ளைகள் இல்லாத பிரார்த்தனைக் கூட்டம். அவற்றுக்கு நடுவே, ஹெட்மாஸ்டர் மாதிரி, ஒரு பிரம்மாண்டமான காக்கிக் கால்சட்டை. அதற்கு நேர் மேலே எங்கள் வெள்ளைப் பெட்டி, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை விழித்து, ஐயோ ஈரம், ஐயோ ஈரம் என்று கொல்லங்கோட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

நான் சிரித்துவிட்டேன். சிரிப்பு என்னைப் பார்த்துத்தான். எங்கள் ஊரில் துணி காய்வது ஒரு சம்பவமே இல்லை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எங்கள் முற்றத்தின் வழியாகத்தான் போகிறது. மழை நாளிலும் நடுவில் ஒரு மணி நேரம் விட்டால் போதும், இரண்டாவது வேட்டியைப் பிழிவதற்குள் முதலாவது மொடமொடவென்று நிற்கும். துணி காயாது என்பது என் கற்பனைக்கே எட்டாத விஷயம். மூடுபனி, பேட்டரி, ஆண்டெனா எல்லாம் தோன்றிற்று, பாவாடை தோன்றவில்லை.

மாடியக்கா ஒரு சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவர் சிரிக்கவில்லை.

"இது எந்தக் கிளாஸ் பிள்ளையோடது?" என்று காக்கிக் கால்சட்டையைக் காட்டினேன், அவர் முகத்தை இளக்கலாம் என்று.

"அது டீமேக்கர் சாரோடது மேடம்."

"அவருக்கும் தெரியுமா?"

"யாருக்குத் தெரியாது? மேனேஜரத் தவிர எல்லாருக்கும் தெரியும். பள்ளிக்கூடம் தொறக்குததும் மழ தொறக்குததும் ஒரே வாரம்லா. பிள்ளையளுக்கு ரெண்டு செட்டு. ஒண்ணு ஒடம்புல கெடக்கும், ஒண்ணு தண்ணில கெடக்கும். நாங்க குடியிருக்குத லயத்துல தொங்கப்போட்டா மூணு நாளானாலும் காயாது, பூசணம் பூக்கும். ஈரத்தோட அனுப்புனா இருமல். எனக்கு முன்னால மாடியப் பாத்த அக்கா காலத்துலேருந்தே இங்கதான் காயும்."

"இத்தனை வருஷமா யாரும் கண்டுபிடிக்கலியா?"

"கண்டுபிடிக்க என்ன இருக்கு? காத்தாடி பாட்டுக்குச் சுத்திக்கிட்டுக் கெடந்துச்சு. கொழுந்துக்கும் ஊதுச்சு, சட்டைக்கும் ஊதுச்சு. நீங்க வந்துதான் அதுக்கு மூக்கு வச்சிட்டிய."

சரியாகச் சொன்னார். பழைய காற்றாடிக்குத் துணி ஒரு பொருட்டே அல்ல. மோப்பம் பிடிக்கிற காற்றாடியை நாங்கள் கொண்டுவந்தோம். யாரையும் உறுத்தாமல் இருந்த பாவாடை அதன்பின் செய்தியாக மேனேஜர் வரைக்கும் போய்விட்டது.

"மேடம், ஒண்ணு கேக்கட்டுமா?" என்றார். "அந்தப் பொட்டிய இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடிக்குத் தள்ளித் தொங்கவிட்டா போதும்லா?"

போதும்தான். ஐந்து நிமிட வேலை. அதைத்தான் நானும் யோசித்துக்கொண்டிருந்தேன். ஆனால் பதினோரு ஒட்டகங்கள் ஏற்கெனவே மேனேஜரின் போனில் மந்தையாக நிற்கின்றன. அவை ஏன் வந்தன, ஏன் போயின என்று எதையாவது எழுதியாக வேண்டும். அதோடு, பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு பாவாடை நுனியிலிருந்து சொட்டு ஒன்று விழுந்து கொழுந்துக்குள் மறைந்தது. அந்த டீயை யாரோ குடிக்கப்போகிறார்கள். நானாகவும் இருக்கலாம்.

"நடந்ததைத்தான் எழுதணும்" என்றேன். "ஆனா யார் பேரையும் எழுத மாட்டேன்."

"பேரு எழுதலன்னா என்ன மேடம்? மாடில நான் ஒருத்திதான இருக்கேன்."

காற்றாடி இரைந்தது. அவர் சட்டையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"மூணு வருசத்துக்கு முந்தி மலைல வழுக்கி மொழங்கால் பெசகிட்டு. கொழுந்து பறிக்க முடியாதுன்னுதான் கெஞ்சிக் கூத்தாடி மாடிக்கு வந்தேன். இது தெரிஞ்சா எறக்கிருவாக. எறக்குனா திரும்ப மலைக்குத்தான். இந்தக் காலோட அந்தச் சரிவுல நின்னா ஒரு நாள் தாங்காது. வேல போனா லயத்து வீடும் போச்சு. மக பத்தாங்கிளாஸு. எங்க கூட்டிட்டுப் போவேன்?"

அப்போது முன்படியில் இரும்பு அதிர்ந்தது. மூச்சிரைக்க ஏறி வந்தார் டீமேக்கர்.

"ஏ மாடி, பேண்ட் காஞ்சிட்டா? நாளைக்கு மேனேஜர் மீட்டிங்..."

என்னைப் பார்த்தார். கால்சட்டையைப் பார்த்தார். மேலே தொங்கிய பெட்டியைப் பார்த்தார். பிறகு ஆறாம் தொட்டியிலிருந்து ஒரு கை கொழுந்தை அள்ளினார். அது கையில் நொறுங்கியது. அவர் முகத்தில் கணக்கு ஒவ்வொரு படியாக ஏறிவருவது தெரிந்தது.

"அடப்பாவி!" என்றார், மெதுவாக. அவர் மெதுவாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "என் கொழுந்தக் கருவாடாக்குனது என் பேண்ட்டா?"

"உங்களோடது மட்டுமில்ல சார்" என்றார் மாடியக்கா. "ஆனா ஒங்களோடதுதான் நெறையத் தண்ணி குடிக்கும்."

நான் தொட்டி விளிம்பில் சாய்ந்து சிரித்தேன். இந்தத் தடவை அவரும் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

மீட்டிங் மறுநாள் காலை பத்து மணிக்கு. நோயை மட்டும் எழுதிக்கொண்டு போனால், நோயைக் கொண்டுவந்தது யார் என்றுதான் தேடுவார்கள். மருந்தையும் சேர்த்துக் கொண்டுபோனால் பேச்சு மருந்தைப் பற்றி இருக்கும். துணி எங்கேயாவது காய்ந்தே ஆக வேண்டும். இத்தனை அடுப்பும் அனலும் உள்ள கட்டடத்தில் கொழுந்துக்குச் சம்பந்தமில்லாத ஒரு காய்ந்த மூலை இல்லாமலா போகும்? என் பையில் உபரியாக மூன்று பெட்டிகள் இருந்தன.

மூவரும் இறங்கினோம். அது ஒரு விசித்திரமான ஊர்வலம். முன்னால் டீமேக்கர், நடுவில் பெட்டிகளோடு நான், பின்னால் படிக்கு ஒரு தரம் நின்று மாடியக்கா.

"டீ சலிக்கிற ரூம்ல போடலாம்" என்றார் டீமேக்கர். "அது சுத்தமா காஞ்ச எடம்."

"அந்தத் தூசி வெள்ளச் சட்டைல பட்டா பிள்ளைய டீக்கலர்ல போகும் சார்" என்றார் மாடியக்கா.

ஆபீஸ் படிக்கட்டுக்கு அடியில் ஒரு பெட்டியைத் தொங்கவிட்டோம். விறகு எரிகிற அடுப்புக்குப் பக்கவாட்டில் ஒன்று. மூன்றாவது, டிரையருக்குப் பின்னால். தளர்ந்து அரைபட்ட இலையை வறுத்தெடுக்கிற அந்த இயந்திரத்தின் அடுப்புப் புகை, ஒரு பெரிய இரும்புக் குழாய் வழியாகப் போய் வெளியே சிம்னியில் சேர்கிறது. போகிற வழியில் அந்தக் குழாய் ஒரு சின்ன அறையை ஊடுருவிப் போகிறது. அறையில் உடைந்த கூடைகளும், தராசுக் கொக்கிகளும், கைப்பிடியில்லாத மண்வெட்டிகளும் கிடந்தன. கதவைத் திறந்ததும் உள்ளிருந்து ஒரு வெதுவெதுப்பு வந்து முகத்தைத் தடவியது. மே மாதம் அறிக்கையில் நானே எழுதியிருந்தேன்: குழாயில் நிறையச் சூடு வீணாகிறது. எங்கே வீணாகிறது என்று எழுதத் தெரிந்த எனக்கு, அங்கே என்ன செய்யலாம் என்று தோன்றவில்லை.

அரை மணி நேரம் கழித்துத் தம்பியைக் கூப்பிட்டேன்.

"புதுசா மூணு பெட்டி தெரியுதா?"

"தெரியுதுங்க. மொத பொட்டி கெணறு. ரெண்டாவது பொட்டி பரவால்லீங்க. மூணாவது பொட்டிய எங்கீங்க்கா வெச்சீங்க? நம்மூரு சித்திரை மாசமாட்டக் காயுதுங்க!"

போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். மாடியக்கா தன் தோளிலிருந்த ஈரத் துண்டை எடுத்து அந்த அறையில் ஒரு ஆணியில் மாட்டினார். டீமேக்கர் உடைந்த கூடைகளை ஒவ்வொன்றாக வெளியே எறிய ஆரம்பித்தார்.

மறுநாள் காலை மேனேஜர் அறை. மேனேஜர் கோட்டயத்துப் பக்கம். தமிழும் மலையாளமும் அவர் வாயில் ஒன்றோடொன்று கைகோத்து வரும். மேஜைமேல் பதினோரு ஒட்டகங்களையும் அச்சடித்து வரிசையாக வைத்திருந்தார். டீமேக்கர் ஒரு நாற்காலியில். நான் ஒரு நாற்காலியில். மாடி விஷயம் என்பதால் மாடியக்காவையும் அழைத்திருந்தார்கள். அவர் கதவோரம் நின்றார், வலது காலில் பாரத்தைக் கொடுத்து.

நான் சொன்னேன். பெட்டியில் பழுதில்லை. மாலையில் ஆறாம் தொட்டிக்கு மேலே ஈரத் துணி காயப்போடப்பட்டது. பள்ளிச் சீருடைகள். காற்றாடி துணியின் ஈரத்தைக் கொழுந்தின் ஈரமென்று எடுத்துக்கொண்டது. பல வருஷப் பழக்கம், எங்களுக்குத் தெரியாது, நாங்களும் கேட்கவில்லை. கேட்காமல் பெட்டியைத் தொங்கவிட்டது எங்கள் தவறு. பிறகு குழாய் அறையைப் பற்றிச் சொன்னேன். ஒரு யூனிட் கரண்ட் அதிகம் வேண்டாம், சிம்னிக்குப் போகிற சூடு போகிற வழியில் ஒரு வேலை செய்துவிட்டுப் போகும் என்றேன்.

நான் பேசி முடிக்கும்வரை மேனேஜர் கேட்டார். ஒரு தாளை எடுத்து ஒட்டகத்தின் முதுகை விரலால் தடவினார்.

"கொழுந்தின்டெ மேலே துணி. இது சாப்பிடற சாதனமாணு, அறியுமோ?" என்றார். "ஆரு சம்மதம் கொடுத்தது?"

நான் பெயர் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். ஆனால் அந்த வாக்கு எவ்வளவு மெலிசானது என்று அப்போதுதான் தெரிந்தது. மேனேஜரின் பார்வை என்னை விட்டு நகர்ந்து, கதவை நோக்கிப் போனது. மாடியக்கா முந்தானையை விரலில் சுற்றினார். வாயைத் திறந்தார்.

அதற்குள் டீமேக்கரின் நாற்காலி முனகியது. எழுந்து நின்றார்.

"நாந்தான் சார். மாடில நடக்குத எல்லாத்துக்கும் நாந்தான் பொறுப்பு. எனக்குத் தெரிஞ்சுதான் நடந்துச்சு. கொடில என் பேண்ட்டும் கெடந்துச்சு."

"தாங்களுடெ பேண்ட்டா?"

"ஆமா சார். இது." குனிந்து தன் கால்களைக் காட்டினார். "நேத்தும் அங்கதான் காஞ்சது."

மேனேஜர் அந்தக் காக்கியை மேலிருந்து கீழே பார்த்தார், கீழிருந்து மேலே பார்த்தார். உதட்டை இறுக்கி வைத்துக்கொள்ள அவர் பட்ட பாட்டை நான் பார்த்தேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் இரண்டு தரம் குலுங்கியது. திரும்பியபோது முகம் மேனேஜர் முகமாகியிருந்தது.

"தாங்கள மலைக்கு அனுப்பினா மலை சரிஞ்சு போகும்" என்றார். "பிறகு டீ ஆரு உண்டாக்கும்?"

அப்புறம் மளமளவென்று சொன்னார். மாடியில் இனி ஒரு கைக்குட்டைகூடத் தொங்கக் கூடாது. கம்பிகளை இன்றே அறுக்க வேண்டும். ஆறாம் தொட்டியை வலையோடு கழுவ வேண்டும். டீமேக்கருக்கு எச்சரிக்கைக் கடிதம் ஒன்று வரும், கோப்பில் இருக்கும். குழாய் அறைக்கு வெள்ளையடித்து, ஆணி அடித்து, கதவுக்குப் பூட்டுப் போட வேண்டும். சாவிக்கு ஒரு ஆள் பொறுப்பு வேண்டும்.

கதவோரம் பார்த்தார்.

"மாடியில் இருக்கிற ஆள் தன்னெ இதையும் பார்த்தா போதும். மாலை ஐந்து மணிக்குத் திறக்கணும். முடியுமோ?"

மாடியக்கா தலையசைத்தார். தலையசைத்தது போதுமா என்று சந்தேகம் வந்தது போலிருந்தது. "முடியும் சார், முடியும் சார்" என்று இரண்டு தரம் சொன்னார். வெளியே வந்ததும் வராந்தாச் சுவரில் சாய்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஒரு வேலைக்குப் பயந்துக்கிட்டுப் போனேன்" என்றார். "ரெண்டு வேலயக் குடுத்து அனுப்பிட்டாக."

டீமேக்கர் எங்களைத் தாண்டிப் போனார். "என் கோப்புல கடிதாசி, ஒனக்குச் சாவி. நல்ல நியாயம்" என்று சொல்லிக்கொண்டே போனார்.

பன்னிரண்டு தொட்டிகளுக்கும் பெட்டி போட மேனேஜர் சம்மதித்தார். அதனால் நான் மேலும் நான்கு நாள் தங்கினேன். மழை ஒரு நிமிடமும் விடவில்லை. மூன்றாம் நாள் மாலை குழாய் அறையின் திறப்பு விழா. ரிப்பன் கிடையாது. லயத்துப் பெண்கள் வாளியும் அலுமினியச் சட்டியுமாக வரிசையில் நின்றார்கள். மாடியக்கா ஒரு முக்காலியில் உட்கார்ந்து, காலை நீட்டி, ஒவ்வொரு துணியாகக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"பிழியாமக் கொண்டாந்திருக்க. போ, பிழிஞ்சிட்டு வா."

"எக்கா, இதுக்கு மேல பிழிஞ்சா கிழிஞ்சிரும்க்கா."

"கிழியட்டும். இங்க சொட்டக் கூடாது. ஆடருல எழுதியிருக்கு."

ஆர்டரில் அப்படி எதுவும் எழுதியிருக்கவில்லை. அறைக்குள் சட்டைகள் தொங்கின. இங்கே காற்றாடி இல்லாததால் அவை ஆடவில்லை. குழாயின் சூட்டில் நின்ற இடத்திலேயே மெல்ல மெல்லத் தங்கள் கனத்தை இழந்துகொண்டிருந்தன. சோப்பு வாசனையும் வறுபடும் தேயிலையின் வாசனையும் கலந்து, இதுவரை யாரும் பெயர் வைக்காத ஒரு மூன்றாவது வாசனையாக வராந்தாவுக்கு வந்தது.

முற்றத்தில் ஒரு ஜீப் வந்து நின்றது. மேனேஜர் பங்களா டிரைவர் இறங்கினார். தலையில் பிளாஸ்டிக் பை, அக்குளில் ஒரு மூட்டை. வரிசை தானாக விலகி வழிவிட்டது. அவர் நேராக முன்னால் வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"பங்களாவிலேருந்துக்கா. சின்னதுகளோட யூனிபாரம். கணப்பு அடுப்புல போட்டா புகை நாத்தம் அடிக்குதாம். அம்மா குடுத்துவிட்டாங்க."

எல்லோரும் மாடியக்காவைப் பார்த்தார்கள். அவர் மூட்டையை அவிழ்க்காமலே வெளியே கைவைத்து அழுத்திப் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி ஆணிகளை எண்ணினார்.

"கடைசி ரெண்டு ஆணிதான் பாக்கி" என்றார். "இவங்கள்லாம் போட்டப்புறம் இருந்தா பாப்போம். வரிசைல வந்து நில்லுங்க."

டிரைவர் மூட்டையோடு மழைச்சாரல் அடிக்கிற வராந்தாக் கடைசிக்குப் போய் நின்றார்.